காலில் கையுறை, தலையில் வாணலி

லெனின்கிராடின் பாசெய்னயா தெருவில் ஒரு மறதிக்காரர் குடியிருக்கிறார். காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி சட்டை போடத் தொடங்குகிறார். கையை நுழைத்த பிறகுதான் அது கால்சட்டை என்று தெரிகிறது. கோட்டை மாட்டினால், இது அந்தக் கோட்டு இல்லை என்று அடுத்தவர்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. தொப்பிக்குப் பதில் வாணலியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறார். பனிக்காலப் பூட்ஸுக்குப் பதில் கையுறையைக் குதிகாலில் இழுத்து மாட்டுகிறார். இந்தக் கோலத்தில் ரயில்நிலையம் போய், வண்டியிலிருந்து கழற்றிவிடப்பட்ட பெட்டியில் ஏறித் தூங்கிவிடுகிறார். விழிக்கும்போதெல்லாம் இது எந்த ஊர் என்று கேட்கிறார். ஒவ்வொரு முறையும் அதே லெனின்கிராட்தான்.

சாமுயில் மார்ஷக் பாட்டாக எழுதி, விளாதிமிர் கொனஷேவிச் படம் வரைந்து, 1930இல் வெளிவந்த புத்தகம் இது. ரஷ்யாவில் இன்றைக்கும் மறதிக்காரர்களை அந்தத் தெருவின் பெயரைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறார்கள். இதில் எது வேடிக்கை என்று பெரியவர்களைக் கேட்டால் நகராத ரயில்பெட்டியைச் சொல்வார்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் வாணலியே போதும்.

ஆடையைப் பற்றிய அசட்டுப் பாட்டுப் படப்புத்தகங்கள் என்று ஒரு வகையே ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் தழைத்திருக்கிறது. விலங்குகளுக்கு அடுத்தபடியாகச் சின்னக் குழந்தைகளின் அலமாரியில் இடம் பிடித்திருப்பவை தொப்பிகளும் சாக்ஸுகளும் கால்சட்டைகளும்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. பெரியவர்கள் இவற்றைக் கொஞ்சம் ஏளனமாகவே பார்க்கிறார்கள்: தூங்கவைக்க ஆகும், பல் முளைக்கும் காலத்தில் கடிக்க ஆகும், அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று. ஆனால் இந்தப் புத்தகங்களில் நன்றாக அமைந்தவை மிகவும் கறாரான கட்டுக்கோப்பு உடையவை. நன்றாக அமையாதவை ஏன் சலித்துப்போகின்றன என்பதற்கும் தெளிவான காரணம் இருக்கிறது.

முதலில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கலாம். இதை விரிவாக யோசித்தவர் மார்ஷக்கின் சமகாலத்தவரான கோர்னேய் சுக்கோவ்ஸ்கி. 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற தன் நூலில் அவர் தன் மகளைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறார். இரண்டு வயது நிறையாத அந்தக் குழந்தை ஒருநாள் அவரிடம் ஓடிவந்து, நாய் மியாவ் என்று கத்தும் என்கிறாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சந்தேகத்தோடும் நிறையக் குறும்போடும் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்பா முதலில் திருத்தத்தான் பார்க்கிறார். பிறகு விஷயம் புரிந்து விளையாட்டில் சேர்ந்துகொள்கிறார். நாய் எப்படிக் குரைக்கும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் தலைகீழாக்கிப் பார்க்கிறாள். தெரியாத ஒன்றைத் தலைகீழாக்கினால் சிரிப்பு வராது, குழப்பம்தான் வரும். சுக்கோவ்ஸ்கியின் வாதம் இதுதான்: அபத்தம் குழந்தையின் அறிவைக் கெடுப்பதில்லை, தனக்குத் தெரியும் என்ற உறுதியை அது குழந்தைக்கே காட்டிக்கொடுக்கிறது.

ஆடை இதற்கு வாகான பொருள். ஒன்றரை வயதில் குழந்தை சாக்ஸைக் கழற்றி எறியக் கற்றுக்கொள்கிறது. போடத் தெரிய வெகுநாள் ஆகும். மூன்று வயதில் பனியனுக்குள் தலையை விட்டுக் கை வழி தெரியாமல் நிற்கும். பொத்தான் நாலு வயதுச் சமாச்சாரம். ஷூ லேஸ் அதற்கும் பிறகு. ஆக இரண்டிலிருந்து ஐந்து வயது வரைக்கும் தினமும் காலையில் வீட்டில் நடக்கும் ஒரே பெரிய பரீட்சை இதுதான். எது முன்பக்கம், எது வலதுகால், எது உள்ளே போடுவது, எது மேலே போடுவது என்று நிறைய விதிகள். குழந்தை அவற்றை முழுப் பிரயாசையோடு கற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில், புத்தகத்தில் ஒரு பெரிய ஆள் தலையில் வாணலியோடு வந்து நிற்கிறார்.

சாண்ட்ரா பாய்ன்டனின் 'ப்ளூ ஹேட், க்ரீன் ஹேட்' என்ற கெட்டி அட்டைப் புத்தகத்தில் இந்த விசை அப்பட்டமாக வெளித்தெரிகிறது. கரடி, யானை, கடமான் மூன்றும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஆடையை வேறு வேறு நிறத்தில் ஒழுங்காகப் போட்டிருக்கும். நாலாவதாக வரும் வான்கோழி மட்டும் எல்லாவற்றையும் தப்பாகப் போடும்; தொப்பியைக் காலில், சட்டையைக் காலில், இப்படியே. புத்தகத்தில் இருக்கும் சொற்கள் நிறமும் ஆடையின் பெயரும், வான்கோழிக்கு ஒரு 'அடடா'வும் மட்டுமே. கடைசிப் பக்கத்தில் வான்கோழி எல்லாவற்றையும் சரியாகப் போட்டுக்கொண்டு வருகிறது. அப்பாடா என்று மூச்சு விடும்போது, போட்ட உடுப்போடு நீச்சல் குளத்தில் குதிக்கிறது. இதில் இயைபு என்று எதுவும் இல்லை. ஆனால் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் செய்ய நினைக்கும் காரியத்தை இது பாட்டில்லாமலே செய்கிறது: அடுத்த சொல் என்ன என்று குழந்தைக்கு முன்கூட்டியே தெரியவைத்து, கத்தவைக்கிறது.

1970இல் வந்த ஜூடி பாரெட், ரான் பாரெட் இருவரின் புத்தகமும் பாட்டில்லை. விலங்குகள் உடை அணியக் கூடாது என்பதை ஒரு சட்டப்பிரிவு வாசகம் போல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்கிறது. படத்தில் முள்ளம்பன்றியின் உடுப்பைக் கிழித்துக்கொண்டு முட்கள் நிற்கின்றன. பாம்பின் கால்சட்டை உருவிக்கொண்டு விழுகிறது. கோழி கால்சட்டைக்குள் முட்டையிட்டுவிட்டு விழிக்கிறது. எழுத்து சிரிக்காமல் இருப்பதால் படம் சிரிக்கிறது. எழுத்தாளரே முந்திக்கொண்டு சிரித்தால் குழந்தைக்கு வேலை இல்லாமல் போகும். இந்த வகையில் தோற்ற புத்தகங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் தோற்றன என்பது என் கருத்து.

பாட்டு வடிவத்தில் பார்த்தால் மூத்தவர் எட்வர்ட் லியர். 1877ஆம் ஆண்டிட்ட அவருடைய கடைசித் தொகுப்பில் ஒரு கிழவர் புதுமாதிரி உடை தைத்துக்கொள்கிறார். தொப்பி ஒரு முழு ரொட்டி. சட்டை செத்த எலிகளால் ஆனது. இடுப்புக்கு மேலும் கீழும் பன்றி இறைச்சித் துண்டுகள், பொத்தான்களுக்கு மிட்டாயும் சாக்லேட்டும், மேலே முட்டைக்கோஸ் இலையில் ஒரு போர்வை. வீட்டை விட்டு இறங்கியதுமே ஊரிலுள்ள விலங்குகளும் பறவைகளும் பையன்களும் அவர்மேல் பாய்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தின்னப்பட்டு, ஒட்டுத் துணியில்லாமல் வீட்டுக்கு ஓடிவருகிறார். எந்தத் துணியை எந்த மிருகம் தின்றது என்ற கணக்கில் லியர் காட்டும் பொறுமைதான் பாட்டின் பலம். பைத்தியக்காரத்தனமான ஒரு பட்டியலை மளிகைக் கணக்கு மாதிரி எழுதுகிறார்.

லியர் அந்தத் தொகுப்பை வெளியிடுவதற்குச் சற்று முன்பு, 1873 முதல் 1875 வரை, இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றியிருக்கிறார். தொழில்முறையில் அவர் இயற்கைக் காட்சி ஓவியர். அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் அழைத்து வந்தவர். மாமல்லபுரத்தையும் திருச்சியையும் வரைந்திருக்கிறார். அந்தப் பயணத்தில் பிறந்த பாட்டு ஒன்று 1874இல் பம்பாயின் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வந்தது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்கள் அன்றாடம் புழங்கிய உள்ளூர்ச் சொற்களையெல்லாம் பொருள் தெரியாதவர் போல அதில் கலைத்துப் போட்டிருக்கிறார். நாயகி உட்கார்ந்திருப்பது ஒரு தோபியின்மேல், அதாவது சலவைத் தொழிலாளியின்மேல். பங்கா என்ற விசிறிகள் தாமாக நடந்துபோகின்றன. கடைசியில் அவளை விழுங்கும் கொடிய மிருகத்தின் பெயர் கம்மர்பண்ட். உண்மையில் அது இடுப்பில் சுற்றும் கச்சை. காலனிய வீடுகளின் வேலைக்காரர் பட்டியலைப் பூதப் பட்டியலாக்கிய இந்தப் பாட்டை இன்று முழு மனதோடு ரசிக்க முடியவில்லை. ஆனாலும், ஓர் உடுப்பு தன்னை அணிபவரை விழுங்கும் அந்தக் கற்பனை, குழந்தைகளுக்கு இருட்டில் கதவில் தொங்கும் சட்டையைப் பார்த்து வரும் பயத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

அதே பயத்தை நேரடியாகக் கையில் எடுத்தவர் டாக்டர் சியூஸ். 1961இல் வந்த 'ஸ்னீச்சஸ்' தொகுப்பின் கடைசிக் கதையில், உள்ளே ஆளில்லாத ஒரு வெளிர்பச்சைக் கால்சட்டை இருட்டில் தானாக நடமாடுகிறது. சைக்கிள் ஓட்டுகிறது, படகு விடுகிறது. கதைசொல்லி பயந்து சாகிறான். முடிவில் கால்சட்டையும் அவனைப் பார்த்து அதே அளவு பயந்து அழுகிறது. சியூஸின் புகழ்பெற்ற புத்தகம் இதுவல்ல. தொப்பிப் பூனை வரும் புத்தகம்தான் எல்லோருக்கும் தெரியும். 1954இல் ஜான் ஹெர்சி லைஃப் இதழில், பள்ளிப் பாடப் புத்தகங்கள் சலிப்பூட்டுவதால்தான் பிள்ளைகள் படிக்கத் திணறுகிறார்கள் என்று எழுத, ஒரு பதிப்பாளர் குறிப்பிட்ட சொற்பட்டியலைக் கொடுத்து அதற்குள் ஒரு கதை எழுதச் சொன்னார். பட்டியலில் முதலில் கண்ணில் பட்ட இயைபுள்ள இரண்டு சொற்களைத் தலைப்பாக்கினேன் என்று சியூஸ் சொல்வார்; பேட்டிக்குப் பேட்டி கதையை மாற்றுகிறவர் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1957இல் வந்த அந்தப் புத்தகத்தில் இருப்பவை 236 தனிச் சொற்கள். பூனைக்குத் தொப்பி வந்தது ஓசைக்காக. வந்த பிறகு அது இல்லாமல் பூனையே இல்லை என்றாகிவிட்டது.

ஆங்கிலத்தில் ஆடைப் பெயர்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். தொப்பி, கோட்டு, ஷூ, சாக்ஸ், சட்டை, பாவாடை எல்லாமே ஒரே அடியில் முடிபவை. எலி, வீடு, பூனை, நரி, ஆடு, படகு என்று அதே மாதிரி குட்டைச் சொற்களோடு எளிதாக இயையும். 1965இல் வந்த 'ஃபாக்ஸ் இன் சாக்ஸ்' நாப்பிறழ்ச்சிப் புத்தகமாக ஆனதும் இதனால்தான். அதைச் சத்தமாகப் படிக்கும் பெரியவர் தடுமாறுவார் என்பதே அதன் திட்டம். குழந்தை ஆடை போடுவதில் தடுமாறுகிறது, அப்பா படிப்பதில் தடுமாறுகிறார். கணக்கு சரியாகிறது.

இயைபு வெறும் அலங்காரமில்லை என்பதற்கு ஆராய்ச்சிகளும் உண்டு. லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் ஆக்ஸ்ஃபோர்டில் நாலைந்து வயதுக் குழந்தைகள் சுமார் 400 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1983இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: படிக்கத் தொடங்கும் முன்பே ஓசை ஒற்றுமையைப் பிரித்தறியும் குழந்தைகள் பின்னால் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முன்னே நிற்கிறார்கள். 2014இல் கிர்ஸ்டன் ரீட் வெளியிட்ட ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. கற்பனை மிருகங்களின் புதுப் பெயர்கள் இயைபில் வந்து விழுமாறு கதையை அமைத்து, அந்தப் பெயருக்கு முன்னால் வாசிப்பவர் ஒரு கணம் நிறுத்தினால், சிறு குழந்தைகள் அந்தப் பெயர்களை எளிதில் பற்றிக்கொள்கிறார்கள். பக்கத்தைப் புரட்டும் நேரம்தான் அந்த நிறுத்தம் என்பதைப் படப்புத்தகம் செய்பவர்கள் ஆய்வு வருவதற்கு வெகுமுன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். முதல் அடி வலப்பக்கத்தின் கீழே முடியும். பதில் சொல்லும் இயைபு அடுத்த பக்கத்தில் ஒளிந்திருக்கும். குழந்தைக்கு ஓசை பாதிப் பதிலைத் தருகிறது. மீதிப் பாதியை அது தப்பாக ஊகிக்குமாறு செய்வது கவிஞரின் வேலை.

எல்லாமே கோமாளிக் கூத்தாக இருக்க வேண்டியதில்லை. 1986இல் நான்சி வைட் கார்ல்ஸ்ட்ரம் எழுதி புரூஸ் டீகன் வரைந்த 'ஜெஸ்ஸி பேர், வாட் வில் யூ வேர்?' ஒரு கரடிக்குட்டியின் ஒருநாள் பொழுது. காலையில் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொள்கிறது. பிறகு வெயிலையும் மணலையும் உடுத்திக்கொள்கிறது; மத்தியானம் சாப்பாட்டு நாற்காலியையே உடுப்பாகப் போட்டுக்கொள்கிறது, மேலெல்லாம் காய்கறியும் சேர்ந்துகொள்கிறது. 1989இல் வந்த ஷர்லி நீட்ஸலின் 'த ஜாக்கெட் ஐ வேர் இன் த ஸ்னோ'வில் ஜாக்கெட்டின் ஜிப் சிக்கிக்கொள்கிறது, ஜிப்பில் மஃப்ளர் மாட்டிக்கொள்கிறது, மேலே கம்பளித் தொப்பி, கீழே பூட்ஸ் என்று அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு. ஒவ்வொரு புது அடியும் முந்தைய அடிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது. சொற்களுக்கு நடுவே ஆடைகளின் சின்னச் சின்னப் படங்கள் வந்து நிற்பதால், எழுத்துத் தெரியாத குழந்தையும் தன் பங்கைப் படித்துவிடும். பாட்டு கனக்கக் கனக்க உள்ளே இருக்கும் குழந்தை அசைய முடியாமல் ஆகிறது. வடிவமும் பொருளும் இவ்வளவு அழகாக ஒட்டிக்கொண்ட இன்னொரு புத்தகம் இந்த வகையில் எனக்குத் தெரியாது. பனி பெய்யாத ஊர்க் குழந்தைகளுக்கு இது எட்டாது என்பார்கள். மழைநாளில் ரெயின்கோட்டுக்குள் புத்தகப் பையோடு மாட்டிக்கொண்ட எந்தக் குழந்தைக்கும் எட்டும்.

ஜட்டிப் புத்தகங்களுக்கு வருவோம். 1997இல் டேவ் பில்கி 'கேப்டன் அண்டர்பேன்ட்ஸ்' தொடரைத் தொடங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அது அமோகமாக ஓடியது. அந்தச் சிரிப்பு படப்புத்தகங்களுக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் 2002இல் ஜைல்ஸ் ஆண்ட்ரேயும் நிக் ஷராட்டும் ஜட்டி வகைகளைப் பாட்டாக அடுக்கினார்கள். 2007இல் கிளேர் ஃப்ரீட்மனும் பென் கார்ட்டும் செய்த 'ஏலியன்ஸ் லவ் அண்டர்பேன்ட்ஸ்' வந்தது: விண்வெளியில் ஜட்டி கிடைக்காததால் வேற்றுக்கிரகவாசிகள் பூமிக்கு இறங்கி வந்து கொடியில் காயும் ஜட்டிகளைத் திருடுகிறார்கள். நல்ல கற்பனை; தலையில் மாட்டுகிறார்கள், ஊஞ்சல் கட்டுகிறார்கள், படங்களில் கொண்டாட்டம். பிறகு டைனோசர்களும் ஜட்டியை விரும்பின, கடற்கொள்ளையர் விரும்பினார்கள், பூதங்கள் விரும்பின. டைனோசர்கள் அழிந்ததே ஜட்டிச் சண்டையால்தான் என்று ஒரு புத்தகம் விளக்கியது.

இந்தப் புத்தகங்களைப் பழிக்க வேண்டியதில்லை. கூச்சமான சொல்லை அம்மா வாயால் சத்தமாகச் சொல்லக் கேட்பது நாலு வயதில் பெரிய விடுதலை. கழிப்பறைப் பழக்கம் அப்போதுதான் முடிந்திருக்கும். ஜட்டி அந்த வயதில் ஒரு பதவி உயர்வு. ஆனால் மார்ஷக்கின் வாணலியோடு ஒப்பிட்டால் குறை தெரிகிறது. இவற்றில் சிரிப்பு ஒரு சொல்லில் இருக்கிறது, சூழ்நிலையில் இல்லை. சொல் பழகிப்போனதும் சிரிப்பும் போய்விடுகிறது, அதனால்தான் அடுத்த புத்தகத்துக்குப் புது ஜந்து தேவைப்படுகிறது. வாணலிக்கு இரண்டாம் பாகம் தேவைப்படவில்லை.

அபத்தம் என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தார்கள். சுக்கோவ்ஸ்கி 1924இல் 'அதிசய மரம்' என்றொரு பாட்டு எழுதினார்: வாசலில் நிற்கும் மரத்தில் இலைக்கும் பூவுக்கும் பதிலாகக் காலுறையும் ஷூவும் காய்க்கின்றன, அம்மா தோட்டத்துக்குப் போய்ப் பறித்து வருகிறாள், சின்ன மகள் மூராவுக்குக் குஞ்சம் வைத்த நீலப் பின்னல் காலணி. வெறுங்காலோடு இருக்கும் குழந்தைகளையெல்லாம் மரத்தடிக்குக் கூப்பிடுகிறது பாட்டு. உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன, செருப்புக்கே தட்டுப்பாடான நாட்டில் எழுதிய பாட்டு அது. அசட்டுத்தனத்துக்கு அடியில் இருக்கும் ஏக்கம் குழந்தைக்குத் தெரியாது, படித்துக் காட்டுபவருக்குத் தெரியும். 1928இல் லெனினின் மனைவி குரூப்ஸ்கயா, 'முதலை' என்ற அவருடைய இன்னொரு பாட்டுக் கதையைப் பிராவ்தாவில் கடுமையாகத் தாக்கி எழுதினார். மாக்ஸிம் கார்க்கி பதில் எழுதி ஆதரிக்க வேண்டியிருந்தது. மரத்தில் செருப்பு காய்க்கும் என்று எந்தக் குழந்தையும் நம்பி ஏமாந்ததாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பாலானவை தப்பாக அணிவதைப் பற்றியவை. இன்னொரு வழியும் உண்டு: உடை வேறொன்றாக மாறுவது. ஜூலியா டொனால்ட்சன், ஆக்ஸல் ஷெஃப்லர் இருவரின் 2002ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஓர் அரக்கர் புது உடுப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். வழியில் குளிரும் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்துப்பட்டியைத் தருகிறார். ஆட்டின் படகுக்குச் சட்டை பாயாகிறது. எலிக் குடும்பத்துக்கு ஷூ வீடாகிறது. நரிக்கு சாக்ஸ் படுக்கையாகிறது. பெல்ட்டும் போன பிறகு கால்சட்டை அவிழ்ந்து விழுகிறது. யாருக்கு எது என்பதை இயைபுதான் தீர்மானித்திருக்கிறது, ஆனால் படிக்கும்போது தயாள குணம் தீர்மானித்ததாகத் தோன்றும். கைத்தேர்ச்சி என்றால் இதுதான்.

சேலையைப் பற்றிய புத்தகம் ஒன்று இங்கே நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல. சென்னையின் தூலிகா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட, சந்தியா ராவ், நீனா சப்நானி இருவரின் 'அம்மாவின் சேலை' என்ற படப்புத்தகத்தில் சேலை ரயிலாகிறது, ஒளிந்துகொள்ளும் இடமாகிறது, மூக்குத் துடைக்கும் துணியாகிறது. யாரும் எதையும் தப்பாக அணிவதில்லை. தைத்த துணிக்குத்தான் தலைக்கு ஒரு துளை, கைக்கு இரண்டு துளை என்று விதி உண்டு. விதி உள்ள இடத்தில்தான் மீறிச் சிரிக்க முடியும். ஆறு கெஜம் நீளத் துணிக்குத் தப்பான துளை என்று ஒன்றில்லை. தைக்காத துணியின் வேடிக்கை உருமாற்றத்தில்தான் இருக்கிறது. ஆனால் இன்றைய தமிழ்க் குழந்தை உடுத்துவது பெரும்பாலும் தைத்ததுதான்: பள்ளிச் சீருடை, டை, பெல்ட், கழுத்தில் அடையாள அட்டை, வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ. விதிகளுக்குக் குறைவே இல்லை.

தமிழில் இந்த வகைப் பாட்டு எழுத உட்காருபவருக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வரும். நம் வாக்கியம் வினையில் முடிகிறது. போட்டான், மாட்டினான், ஓடினான் என்று அடிக்கு அடி இயைபு இலவசமாக வந்துவிடும். இலவசமாக வருவதால் அதில் குழந்தை ஊகிக்க ஒன்றும் இல்லை. ஆடையின் பெயரோ அடியின் நடுவில் எங்கோ கிடக்கும். அதை அடியின் முதலுக்குக் கொண்டுவந்து எதுகையில் கட்டினால் கதை மாறுகிறது. பக்கத்தைப் புரட்டியதும் முதலில் கண்ணில் படும் சொல்லாக அது அமையும். கேட்கும் குழந்தை புரட்டுவதற்குள் அதைக் கத்திவிடலாம். சரக்குக்கும் பஞ்சமில்லை. செருப்புக்குப் பருப்பு இருக்கிறது, நெருப்பும் இருக்கிறது. சட்டைக்கு முட்டை, மொட்டை. ஜட்டிக்குக் குட்டியும் சட்டியும். சேலைக்கு ஓலை. வேட்டிக்குப் பாட்டி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாட்டி வந்து நிற்கும் பக்கத்தில் எழுத்து வாயை மூடிக்கொண்டு, ஓவியருக்கு வழிவிட வேண்டும்.